கைம்மாறு கேளாக் கைகள்

மாலை வேளையிற் கல்லடிப் பாலத்தின்மேல் உலாவி வருவது எமக்குப் பல்லாண்டு வழக்கம். 1924ஆம் ஆண்டிலே எழுந்த பழைய இரும்புப் பாலம், வாகனங்களின் சுமையை 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திடம் ஒப்படைத்துவிட்டு, எம்போன்ற நடையர்க்கு இடங்கொடுத்து நிற்கின்றது. கீழே வாவி, கிழக்கே கடலின் இரைச்சல். சென்ற வாரம் அவ்விடத்திலே எம்மை ஒரு மாணவன் மறித்தான். உயர்தர வகுப்பிலே படிப்பவன். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவன் திருச்சபையின் வாலிபர் கூட்டத்திலே, பலன் கருதாது மனமுவந்து பிறர்க்குத் தொண்டு செய்தல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு அவனைப் பணித்திருக்கின்றார்கள்.

"சேர், ஒரு சந்தேகம்" என்று தொடங்கினான். "உலகத்திலே கூலியில்லாமல் யார் வேலை செய்கிறார்கள்? ஆசிரியருக்குச் சம்பளம், வைத்தியருக்குக் கட்டணம். தொண்டு செய்கிறவர்களுக்கு மோட்சம். அந்தக் காலத்துப் பாதிரிமாருக்கு, மதம் மாறியவர்களின் தொகை. கூலியைக் கையில் வாங்கினால் வேலை, வானத்தில் வாங்கினால் தொண்டு. வேறு வித்தியாசம் என்ன?"

இக்கேள்வியை உமது போதகரிடம் கேட்டிருக்கலாமே என்றோம். "அவர் சொல்லப்போகும் பதில் எனக்கு முன்னமே தெரியும், சேர். நீங்கள் இந்து. வெளியே நின்று பார்க்கிறவர். உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்றுதான் கேட்கிறேன்" என்றான்.

கெட்டிக்காரப் பிள்ளை. அன்று எம்மிடம் விடையிருக்கவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். தவணை முடிந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்தவற்றை இங்கே எழுதுகின்றோம். அவன் வயதினர் பலருக்கும், அவர்தம் பெற்றோர்க்கும், இச்சந்தேகம் இருத்தல் கூடுமன்றோ?

முதற்கண் ஒரு சொல்லை ஆராய்வோம். கிறிஸ்தவ அன்பர்கள் இறைபணியையும் பிறர்பணியையும் 'ஊழியம்' என்று வழங்குவர். அச்சொல்லுக்கு எமது நாட்டு வரலாற்றில் வேறொரு முகமும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் ஊழியம் என்பது குடிமக்களிற் சில பிரிவினர் அரசுக்குக் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய கட்டாய வேலையாகும். அதனைச் செய்தவர் யாரும் மனமுவந்து செய்திலர். செய்யாதார் தண்டனைக்கு அஞ்சினர். இராசகாரியம் எனப்பட்ட கட்டாயச் சேவை முறையை ஆங்கிலேயர் 1832, 1833ஆம் ஆண்டுகளிலே ஒழித்தனர். கூலியில்லாத வேலையெல்லாம் தொண்டாகிவிடுமாயின், அக்காலத்துக் குடிகள் அனைவரும் பெருந்தொண்டர் எனப்படுதல் வேண்டும். அவ்வாறு யாரும் சொல்வதில்லை.

எனவே கூலியுண்டா இல்லையா என்பது மட்டும் உரைகல் அன்று. வற்புறுத்துவாரின்றித் தானே விரும்பிச் செய்தல் வேண்டும். செய்தபின் திரும்பி வருவதை நோக்கிக் கையை நீட்டாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடியவிடத்தே தொண்டு பிறக்கின்றது. அடிமையின் வாயிலே வழங்கிய ஒரு சொல், விரும்பிப் பணிசெய்வோரின் வாயிலே பெருமைக்குரிய சொல்லாக மாறியிருப்பதே சிந்திக்கத் தக்கது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்று காணவேண்டின், யேசுநாதர் தம் சீடரின் கால்களைக் கழுவிய இரவினை நினைத்துப் பார்த்தல் வேண்டும். பலத்தீன நாட்டின் பாதைகள் புழுதி மிக்கவை. வெளியே சென்று மீண்டவர் கால்களைக் கழுவுவது அங்கே வீட்டுப் பணியாட்களிலும் கடைப்பட்டவருடைய வேலை. தாம் பிடிபடவிருந்த அவ்விரவிலே, உணவருந்தும் வேளையில், குருவே எழுந்து இடையிலே துண்டைக் கட்டிக்கொண்டு அவ்வேலையைச் செய்யத் தொடங்கினார். பேதுரு கூசி மறுத்தார், குருவோ விடவில்லை. இந்நாளிலும் பெரிய வியாழக்கிழமையன்று கத்தோலிக்க ஆலயங்களிலே குருவானவர் பன்னிருவரை இருத்தி அவர் கால்களைக் கழுவும் சடங்கினை நாமும் கண்டிருக்கின்றோம்.

அக்காட்சியில் எம்மை ஈர்ப்பது பேதுருவின் கூச்சமன்று. யூதாசின் கால்களும் அங்கே கழுவப்பட்டன என்பதேயாம். சில நாழிகையில் தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகின்றவன் அவன் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று யோவானின் சுவிசேஷம் கூறுகின்றது. அவனிடமிருந்து நன்றி வரப்போவதில்லை, நட்பும் வரப்போவதில்லை, வரப்போவது சிலுவை. அறிந்தும் அவன் காலைத் தவிர்த்துவிட்டு அடுத்தவனிடம் அவர் போகவில்லை. பெறுவோனின் தகுதியைப் பார்த்துச் செய்வது ஒருவகை வாணிகம். தகுதியற்றவனுக்கும் அதே நீர், அதே துண்டு என்று செய்வது வேறு.

'சரி, ஆனால் மோட்சம் என்னும் சம்பளம் இருக்கின்றதே' என்று எமது மாணவன் விடாது கேட்பான். நியாயமான கேள்வி. இதற்கு விடையாக மத்தேயுவின் சுவிசேஷத்திலுள்ள இறுதித் தீர்ப்பின் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அரசர் ஒரு சாராரை அழைத்து, தாம் பசித்திருந்தபோது அவர்கள் உணவளித்ததையும், நோயுற்றபோதும் சிறையிலிருந்தபோதும் வந்து கண்டதையும் சொல்லிப் பாராட்டுகின்றார். பாராட்டப்பட்டவர்களோ திகைக்கின்றார்கள். உமக்கு நாம் எப்பொழுது அவ்வாறு செய்தோம் என்று கேட்கின்றார்கள். எளியவர்க்குச் செய்தது தமக்குச் செய்தது என்று அரசர் விளக்கிய பின்பே அவர்களுக்குப் புரிகின்றது.

அவர்களின் திகைப்பை உற்று நோக்குங்கள். வெகுமதியை எண்ணிச் செய்திருந்தால் அவர்கள் திகைத்திருக்க மாட்டார்கள்; பற்றுச்சீட்டை நீட்டியிருப்பார்கள். கணக்கு வைத்திருந்தவர்க்கு வியப்பில்லை. பசித்தவன் ஒருவன் எதிரே நின்றான், கையிலே உணவிருந்தது, கொடுத்தார்கள், மறந்தார்கள். வெகுமதி உண்டு என்று அச்சமயம் சொல்வது உண்மையே. ஆயின் அவ்வெகுமதி, அதனை நினையாது செய்தவர்க்கே காத்திருக்கின்றது. அதனை அடையும் வழி அதனை மறத்தலேயாம் என்றால், அதனைக் கூலி என்பது எங்ஙனம் பொருந்தும்?

எமது சமயத்தார்க்கும் இது புதிதன்று. பலனிற் பற்று வையாது கருமத்தைச் செய்க என்பது கீதையின் சாரம். மழைக்கு இவ்வுலகம் என்ன திருப்பிச் செய்துவிட்டது என்பது வள்ளுவர் எழுப்பிய வினா. அப்பர் சுவாமிகள் பாமாலை பாடியதோடு நில்லாது, உழவாரம் ஏந்திக் கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கினார். உயர்ந்தோர் தாழ்ந்த வேலையைத் தேடிச் சென்று செய்ததாக இரு மரபுகளும் போற்றுகின்றன. கல்லடியிலே முருகன் கோயில் மணியோசையையும் தேவாலய மணியோசையையும் ஒருங்கே கேட்டு வளர்ந்த எமக்கு இவ்வொற்றுமை அயலாகத் தோன்றுவதில்லை.

நிற்க. நூலிலே உள்ளது நிலத்திலே நிகழ்ந்ததா என்பதே வாலிபர் கேட்கும் அடுத்த வினா. மட்டக்களப்பின் வரலாற்றையே பார்ப்போம்.

1813ஆம் ஆண்டின் இறுதியிலே வெஸ்லியன் திருச்சபையின் முதற் குழுவினர் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறினர். அக்கடற்பயணமே துன்பமாயிற்று. குழுவினருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் மனைவி வழியிலே காலமானார். 1814ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் தேதி குழுவின் தலைவரான தோமஸ் கோக் அவர்களும் கப்பலிலேயே உயிர்நீத்தார். இருவருக்கும் கடலே கல்லறையாயிற்று. எஞ்சியோருட் பலர் ஜூன் மாத இறுதியிலே இலங்கையை அடைந்தனர். அவர்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்லத் தீர்மானித்தபோது, ஓல்ட் பாதிரியாருக்கு அமைந்தது மட்டக்களப்பு. மனைவியைக் கடலிலே விட்டவர், தனியராய், மொழியறியாத ஊருக்கு வந்து சேர்ந்தார். தமிழ் கற்கத் தொடங்கினார்; பிள்ளைகளுக்குப் பள்ளிகளை அமைக்க முனைந்தார். ஓராண்டுகூட நிறையவில்லை. 1815ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி அவரும் நோயினால் மறைந்தார்.

அவர் பெற்றது என்ன? தாம் நட்ட விதை முளைத்ததை அவர் காணவில்லை. இன்று மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று எழுதுகின்றது. இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அங்கே படித்து உயர்ந்தவர் எத்தனை சமயத்தவர், எத்தனை ஊரவர்! அவர்களுள் ஒருவரும் ஓல்ட் பாதிரியாரின் கண்முன்னே வந்து நின்று நன்றி சொன்னவரல்லர். பலனைக் காணாது இறந்தவர் என்று நாம் இரங்கலாம். பலனைக் காணவேண்டும் என்று காத்திருந்தால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

இனி, மாணவன் கூசாது சொன்ன குற்றச்சாட்டிற்கு வருவோம். பாதிரிமாரின் பள்ளிகள் மதமாற்றத்தை எதிர்நோக்கியே நடந்தன என்பது. இதனை மூடி மறைத்தல் நேர்மையாகாது. அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றில் எழுத்தறிவும் சமயமாற்றமும் ஒரே கையினால் வழங்கப்பட்டன. எமது முன்னோர் மனம் நொந்தனர். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் அவர்களே, 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையைத் தொடங்கினார்கள். கற்பதற்காகத் தன் சமயத்தை விலையாகக் கொடுக்கவேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது என்னும் எண்ணம் அதனுள் இருந்தது. விலை கேட்கும் தொண்டு, கேட்பது பணமாயினும் மதமாயினும், தொண்டின் நிறைவை இழந்ததேயாம். யேசுநாதரின் துண்டையும் நீரையும் அளவுகோலாகக் கொண்டாலே இது விளங்கும். கழுவிய கால்களிடம் அவர் எதுவும் எழுதி வாங்கவில்லை.

ஆயினும் அக்கதை அங்கே முடியவில்லை. அதன் அடுத்த ஏடு எமது கல்லடியிலேயே விரிகின்றது.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனம் என்னும் சைவச் சிறுவன், கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றான். அர்ச். மிக்கேல், யேசு சபைத் துறவிகளின் கல்லூரி. அங்கே பெர்டினண்ட் பொனெல் அடிகளார் போன்றோர் அவன் அறிவுக்கு உரமிட்டனர். கணிதத்தில் அவனுக்கிருந்த ஈடுபாடு அங்கே வளர்ந்தது. 1908ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறிய அவ்விளைஞரை, படித்த கல்லூரியே ஆசிரியராகவும் அமர்த்திக்கொண்டது. பின்னர் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலும் அவர் விஞ்ஞானம் கற்பித்தார். அவரது சமயம் ஒருபோதும் மாறவில்லை. 1924ஆம் ஆண்டிலே அவர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, விபுலாநந்தர் என்னும் திருநாமம் பூண்டார். 1929ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

மதமாற்றமே கூலி என்றால், அவரை வளர்த்த யேசு சபைத் துறவிகளைப்போல் நட்டமடைந்தவர் யாருமிலர். அவர்கள் கணிதம் கற்பித்த பிள்ளை சைவத் துறவியானார். சைவப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியையே எழுப்பினார். ஆனால் தொண்டு என்னும் அளவுகோலால் அளந்து பாருங்கள். அவர்கள் கொடுத்த அறிவு அவர்களிடம் திரும்பி வரவில்லை. அது முன்னோக்கிச் சென்றது. கல்லடிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகள், 1947ஆம் ஆண்டிலே யாழ் நூலை உலகுக்குத் தந்து அதே ஆண்டு ஜூலை 19ஆந் தேதி மறைந்தார். அவரது சமாதி சிவாநந்த வித்தியாலய வளவிலேயே உள்ளது. அவ்வழியாக நாம் செல்லும்போதெல்லாம், கைம்மாறு என்பது கொடுத்தவர் வாசலுக்குத் திரும்பி வரும் பொருளன்று, அடுத்தவர் வாசலுக்குச் செல்லும் பொருள் என்று நினைத்துக்கொள்வோம்.

எமது காலத்துக்கு அண்மையிலும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948ஆம் ஆண்டிலே வந்த யேசு சபைக் குருமாருள் இருவரை மட்டும் குறிப்பிடுவோம். ஒருவர் இயூஜின் ஹேபர்ட் அடிகளார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். ஏழை இளைஞருக்குக் கைத்தொழில் கற்பிக்கும் நிலையத்தை நடத்தியவர். 1990ஆம் ஆண்டின் கொடிய நாட்களில், வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த கன்னியர்களின் பாதுகாப்புக்கு ஒழுங்குசெய்யச் சென்றார். ஆகஸ்ட் 15ஆந் தேதி அங்கிருந்து மட்டக்களப்பை நோக்கி, துணைக்கு வந்த தமிழ் இளைஞர் ஒருவருடன் புறப்பட்டார். இருவரும் வீடு சேரவில்லை. அவர்களுடைய உடல்களும் கிடைக்கவில்லை.

மற்றவர் பெஞ்சமின் ஹென்றி மில்லர் அடிகளார். அர்ச். மிக்கேல் கல்லூரியிலே பணிபுரிந்தவர். போர்க்காலத்திலே, காணாமற்போன பிள்ளைகளைத் தேடியலைந்த தாய்மாரின் முறையீடுகளைக் கேட்டு, எழுதி, உரியவரிடம் சேர்ப்பித்தவர். மட்டக்களப்புச் சமாதானக் குழுவின் தூண்களுள் ஒருவர். தாயகம் திரும்பிச் சென்று ஓய்ந்திருக்க அவருக்கு யாரும் தடைசொல்லவில்லை. அவர் அங்கே தங்கிவிடவில்லை. எழுபது ஆண்டுகள் இந்நாட்டிலே வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு பிறக்கும் வேளையில், தொண்ணூற்று மூன்றாம் வயதிலே, மட்டக்களப்பிலேயே கண்மூடினார். அவர் எழுதிவைத்த முறையீடுகளிற் பல விடையின்றியே போயின. விடை வராத கடிதத்தை மறுபடியும் எழுதுவதற்கு எத்தகைய மனம் வேண்டும்! வெற்றி என்பதும் ஒருவகைக் கூலியே. அதையும் எதிர்பாராது உழைத்தவர் அவர்.

இவர்கள் பெரியோர், பெயர் நிலைத்தவர்கள். பெயரே தெரியாத ஒருவரையும் சொல்லியாதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் எழுந்து நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்தபோது நாம் இருபது வயதைக் கடந்த இளைஞர். மக்கள் தங்கியிருந்த பாடசாலையொன்றிலே உதவிக்கு நின்றோம். பகலெல்லாம் வாகனங்கள் வரும், பதாகை கட்டுவார்கள், பொதிகளைக் கொடுக்கும்போது படம் பிடிப்பார்கள். அவர்கள் கொண்டுவந்த அரிசியும் தேவைப்பட்டதுதான், அதனை இகழோம். ஆயினும் ஒருநாள் விடியுமுன்னே எழுந்து சென்றபோது, கன்னியாஸ்திரி ஒருவர் தனியே நின்று மலசலகூடங்களைக் கழுவிக்கொண்டிருப்பதைக் கண்டோம். நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்திய இடம். "நாங்களும் வருகிறோம், சிஸ்டர்" என்றோம். "வாளி அங்கே இருக்கிறது, தம்பி" என்றார். அவ்வளவே. உபதேசமுமில்லை, பாராட்டுமில்லை. அவரது பெயரை நாம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பிறர் விழிக்குமுன் வேலையை முடித்துவிட்டுப் போவார். யார் கழுவினார் என்று அறியாமலே அம்மக்கள் தூய இடத்தைப் பயன்படுத்தினார்கள்.

இவ்வளவும் எழுதிய நாம், இந்நெறியிலே நின்றவரா என்று வாசகர் கேட்கலாம். எமது கதையையும் ஒளியாது சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் வறிய மாணவன் ஒருவனுக்கு மாலைதோறும் எம் வீட்டிலே கணிதம் சொல்லிக்கொடுத்தோம். பணம் வாங்கவில்லை. அவன் பல்கலைக்கழகம் புகுந்தான். பாராட்டு விழாவிலே ஒலிவாங்கியின் முன் நின்று பெற்றோருக்கும் அதிபருக்கும், வேறு பல ஆசிரியர்களுக்கும் நன்றி கூறினான். எமது பெயரை விட்டுவிட்டான். பதற்றத்தில் மறந்தானோ, வேறு காரணமோ அறியோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த எமக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து உணவிற் கைவைக்காமல் இருந்தோம். காரணத்தைக் கேட்டறிந்த எம் மனைவியார், "அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வந்ததுதானே? பின்னே ஏன் கடன் கொடுத்தவர்போல முகத்தை வைத்திருக்கிறீங்கள்?" என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. பணம் வாங்கவில்லை என்று பெருமைப்பட்டோமேயன்றி, நன்றி என்னும் வட்டியை மாதந்தோறும் மனத்திலே எழுதிவந்திருக்கின்றோம் என்பது அன்றுதான் விளங்கிற்று. அவ்விரண்டாண்டு உழைப்பை நாமே ஒரு கடன்பத்திரமாக்கிவிட்டோம். யூதாசின் காலைக் கழுவிய கதையைப் பன்முறை படித்திருந்தும், ஒரு சிறுவன் பெயரை மறந்தமைக்கே எம் உள்ளம் அத்துணை குமுறிற்று. பலன் கருதாத் தொண்டு சொல்வதற்கு எளிது. அதன் கடினம் செய்துபார்த்தவர்க்கே தெரியும்.

ஆதலின் மாணவர்க்கும் குடும்பத்தார்க்கும் எம் சிறு அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கின்றோம். இந்நாளில் மாணவர் சமூகசேவைக்குச் சான்றிதழ் பெறுகின்றார்கள். விண்ணப்பங்களுக்கு அது வேண்டப்படுகின்றது. பெற்றுக்கொள்ளுங்கள், குற்றமில்லை. ஆயின் சான்றிதழ் கிடையாத ஒரு வேலையையும் வாரத்திலே செய்து பாருங்கள். அயல்வீட்டு முதியவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம். பிந்தங்கிய தோழனுக்கு ஒரு பாடத்தை விளக்கலாம். செய்ததை வீட்டிலே வந்து சொல்லாதிருங்கள். சொல்லாமல் இருப்பதற்கு நா எவ்வளவு தவிக்கின்றது என்பதை அன்று அறிவீர்கள். அத்தவிப்பே நாம் எதிர்பார்த்த கூலியின் அளவு.

பெற்றோர்க்கும், சிறப்பாக எம்போன்ற ஆடவர்க்கும், வேறொன்று சொல்லவேண்டும். தொண்டு தன்னிடமிருந்து தான் கேட்டுக்கொள்ளவேண்டியது, பிறரிடமிருந்து வாங்கவேண்டியதன்று. வீட்டிலே விடியலில் எழுந்து இரவிலே கடைசியாக உறங்கும் தாயை, கைம்மாறு கருதாத தெய்வம் என்று புகழ்ந்துவிட்டு, உண்ட கோப்பையை அவருக்கே விட்டுச்செல்வது ஒல்லாந்தரின் ஊழியத்துக்குத் தம்பியாகும். அவர் மனமுவந்து செய்கின்றாரா, வேறு வழியின்றிச் செய்கின்றாரா என்று ஒருநாளாவது கேட்டுப்பாருங்கள். கேட்டபின், கோப்பையைக் கழுவுங்கள். குருவே துண்டைக் கட்டிக்கொண்ட கதை அதற்காகவுந்தான் சொல்லப்பட்டது.

நேற்று மாலை பாலத்தின்மேல் மாணவனை மீண்டும் கண்டோம். எம் விடையைச் சுருக்கமாகச் சொன்னோம்: கூலி கையிலா வானத்திலா என்பதன்று வித்தியாசம், செய்யும் வேளையிலே உன் கண் எங்கே இருக்கின்றது என்பதே வித்தியாசம். கூலியாளின் கண் மாலைப்பொழுதிலே இருக்கும். தொண்டனின் கண் எதிரே நிற்பவனின் தேவையிலே இருக்கும். பின்னாலே வெகுமதி வருமாயின் வரட்டும். அவன் திகைத்து நிற்பான். அத்திகைப்பே அவன் தொண்டனென்பதற்குச் சாட்சி.

அவன் சற்று நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், நான் இதைப் பேசினால் எனக்குக் கைதட்டுவார்கள். அப்போது என்ன செய்வது?" என்றான்.

நாமும் சிரித்துவிட்டோம். "கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டு வா, தம்பி" என்று சொல்லி வீட்டை நோக்கி நடந்தோம்.